டுபாயில் ஒன்றரை நாள்: ஒரு திர்ஹாம் படகும் அப்பாவின் நாசர் ஸ்குவயரும்

பார்க் எக்ஸில் யாராவது ஊருக்குப் போகிறோம் என்று சொன்னால் அடுத்த கேள்வி ஒன்றுதான்: "எதால போறீங்கள்? டோஹாவாலயா, டுபாயாலயா?" ஜான் தலோன் வீதிச் சாமான் கடையில் முருங்கைக்காய் தெரிந்துகொண்டு நிற்கிறவர் கூடத் திரும்பிப் பார்த்து அபிப்பிராயம் சொல்லுவார். 2023 ஜூலையில் எமிரேட்ஸ் மொன்றியலுக்கு வரத் தொடங்கினதிலிருந்து டுபாய்க் கட்சிக்கு ஆள் கூடிவிட்டது.

ஆனால் எங்களில் பெரும்பாலானோர் டுபாயில் பார்த்தது விமான நிலையம் மட்டும்தான். பிள்ளைகளை நாற்காலியில் படுக்க வைத்து, ஐந்து மணி நேரம் இருந்து, ஒரு பெட்டி பேரீச்சம்பழம் வாங்கிக்கொண்டு ஏறிவிடுகிறோம். இந்த ஜனவரியில் கொழும்பிலிருந்து திரும்பி வரும்போது நாங்கள் அங்கே ஒன்றரை நாள் நின்றோம். அதைப் பற்றித்தான் இந்த முறை. பேர்ஜ் கலிஃபா பற்றியும் பெரிய மோல்கள் பற்றியும் எழுதப் போவதில்லை. அதுக்கு யூடியூப் காணும். நான் எழுதப் போவது கால்வாயின் இரண்டு கரையிலும் இருக்கிற பழைய டுபாயைப் பற்றி. அது கண்ணாடிக் கட்டடங்கள் வருவதற்கு முந்தின வியாபார ஊர்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. போன ஒக்டோபரில் மகளின் வகுப்பில், குடும்பம் எந்தப் பாதையில் கனடாவுக்கு வந்தது என்று உலகப் படத்தில் கோடு போட்டுவரச் சொன்னார்கள். அவளுக்குப் பத்து வயது. யாழ்ப்பாணத்தில் ஒரு புள்ளி, மொன்றியலில் ஒரு புள்ளி, நடுவில் ஒரே கோடு. அவ்வளவுதான். அப்பா அதை எட்டிப் பார்த்துவிட்டு, "ஓம், சரிதான்" என்றார். அது சரியில்லை என்று எனக்குத் தெரியும். 1979 முதல் 1984 வரை அப்பா டுபாயில் வேலை செய்தவர். ஆனால் அதைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒரே வசனம்: "அங்க நல்ல வெக்கை." முப்பத்தைந்து வயதுவரை நானும் அதுக்கு மேலே கேட்டதில்லை.

டிக்கெட் போடும்போது அவரிடம் சொன்னேன்.

"டுபாய்ல எனக்கென்ன கிடக்கு? நான் எயார்போட்டிலயே இருக்கிறன். நீங்கள் பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு போட்டு வாங்கோ."

"அப்பா, ஒரு இரவும் ஒரு பகலும். எயார்போட்டில எப்பிடி இருப்பீங்கள்?"

கடைசியில் என் மனைவிதான் வென்றார். "மாமா, நீங்கள் வராட்டி எங்களுக்கு இடம் ஆர் காட்டுறது?" என்று கேட்டதும் அவர் பேசாமல் இருந்துவிட்டார். எங்கள் வீட்டில் பேசாமல் இருப்பது சம்மதம்.

முதலில் நடைமுறை விஷயங்கள்.

போகும்போது இல்லாமல், திரும்பி வரும்போது நில்லுங்கள். போகும்போது நின்றால் வாங்குகிற சாமானை இலங்கைக்கோ இந்தியாவுக்கோ காவிக்கொண்டு போய், அங்கேயும் சுங்கத்துக்குப் பதில் சொல்லி, பிறகு திரும்பக் காவிவர வேண்டும். நவம்பரிலிருந்து மார்ச் வரைதான் பிள்ளைகளோடு வெளியில் நடக்கக்கூடிய காலம். கனேடியப் பாஸ்போட் இருந்தால் இறங்கின இடத்திலேயே 30 நாள் விசா தருகிறார்கள், காசில்லை. உங்களோடு வருகிற அம்மம்மா, அப்பப்பா இலங்கை அல்லது இந்தியப் பாஸ்போட்டில் வந்தால் முன்கூட்டியே விசா எடுக்க வேண்டியிருக்கும். அதைக் கடைசி வாரத்துக்கு விடாதீர்கள்.

காசுக் கணக்கு சுகம். திர்ஹாம் 1997 முதல் அமெரிக்க டொலரோடு கட்டப்பட்டிருக்கிறது, ஒரு டொலருக்கு 3.6725. எங்கள் டொலருக்கு ஏறக்குறைய இரண்டரைக்கு மேலே வரும். கடை விலையை இரண்டரையால் பிரித்துப் பார்த்தால் பிள்ளைகளுக்கும் விளங்கும், கணக்குப் பாடமும் ஆச்சு.

பழைய நகரத்துக்கு டாக்ஸி தேவையில்லை. விமான நிலைய முனையம் 3இலிருந்து மெட்ரோவின் சிவப்புக் கோட்டில் ஏறி, யூனியனில் இறங்கி, பச்சைக் கோட்டுக்கு மாறினால் பனியாஸ் ஸ்குவயர், கோல்ட் சூக், அல் ராஸ் எல்லாம் வரிசையாக வரும். சாரதி இல்லாத ரெயில். எங்கள் ஆர்.இ.எம். ஓடத் தொடங்கினது 2023இல்தான், இவர்கள் 2009இலேயே ஓட்டத் தொடங்கிவிட்டார்கள். என் மகன் இரண்டிலும் முன் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றவன், ஆகவே அவனுடைய தீர்ப்பை நம்பலாம்: டுபாய் நீளம், மொன்றியலில் பனி அழகு. ஒன்று கவனம், பெட்டிக்குள் சாப்பிட்டாலோ சூயிங்கம் மென்றாலோ 100 திர்ஹாம் தண்டம்.

விமான நிலையத்தில் ஒன்று கவனித்தேன். குடிவரவு மேசையில் பாஸ்போட்டைத் திருப்பிக் கொடுத்ததும் அப்பா அதைச் சட்டைப் பையில் வைத்து, மேலே தட்டிப் பார்த்தார். அந்த ஒன்றரை நாளும் பத்து நிமிஷத்துக்கு ஒருக்கால் கை அங்கே போய்வந்தது. களவு போகும் என்று பயப்படுகிறார் என்று நினைத்தேன்.

பின்னேரம்: கால்வாய்

டுபாயின் பிறப்பிடம் அந்தக் கால்வாய்தான். கடல் உள்ளே நீட்டிக்கொண்டு வந்து ஊரை இரண்டாகப் பிரிக்கிறது, ஒரு பக்கம் தேரா, மற்றப் பக்கம் பர் டுபாய். 1963இல் மக்தூம் பாலம் திறக்கும்வரை கடப்பதற்குப் பாலம் இல்லை. அப்ரா என்கிற மரப்படகுதான். இன்றைக்கும் பழைய அப்ராவில் கடக்க ஒரு திர்ஹாம்தான், சில்லறையைப் படகுக்காரர் கையிலேயே கொடுக்க வேண்டும். ஏழெட்டு நிமிஷம்கூட ஆகாது. எங்கள் ஐந்து நட்சத்திர அனுபவம் அதுதான். பிள்ளைகளை நடுப்பலகையில் இருத்துங்கள், ஓரத்தில் தடுப்பு இல்லை. சூரியன் இறங்குகிற நேரம் போனால் மினாராக்களுக்குப் பின்னால் வானம் சிவக்கும், பள்ளிவாசல்களில் பாங்கு ஒன்றன்பின் ஒன்றாகத் தொடங்கும்.

அப்பா படகில் ஏறும்போது நான் கை கொடுத்தேன். அவர் அதைப் பார்க்கவேயில்லை. மேடையிலிருந்து படகுக்கு ஒரே எட்டில் தாவி, வேறு யாரும் இருக்க முதல் எஞ்சினுக்குப் பக்கத்து மூலையில் போய் இருந்தார். எழுபது வயது மனுசன். மகள் என்னைப் பார்த்தாள்.

"அப்பப்பா, நீங்கள் முந்தி இதில வந்தனீங்களோ?"

"ஒவ்வொரு வெள்ளியும். லீவு ஒரு நாள்தானே. இக்கரையில இருந்து அக்கரை, அக்கரையில இருந்து இக்கரை. சும்மா. காத்துக்கு."

தேராக் கரையில் தௌ மரக்கலங்கள் வரிசையாகக் கட்டிக் கிடக்கின்றன. குளிர்சாதனப் பெட்டி, டயர், வெங்காய மூடை எல்லாம் நடைபாதையிலேயே அடுக்கியிருக்கும். இது காட்சிக்கு வைத்தது இல்லை, உண்மையான ஏற்றுமதி. இந்த இடத்தில் பிள்ளைகளுக்குச் சொல்ல எங்களிடமும் ஒரு கதை இருக்கிறது. வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி என்ற பாய்மரக் கப்பல் சுயஸ் வழியாக 1938இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தைப் போய்ச் சேர்ந்தது. குளோஸ்டர் எங்கள் வீட்டிலிருந்து காரில் போய்வரக்கூடிய தூரம். "அப்ப எங்கட ஆக்கள் கப்பல்ல அமெரிக்கா வந்தவையா?" என்று மகன் கேட்டான். ஓம், வந்தவை.

இந்தக் கால்வாய் முந்தி மணல் மூடிக் கிடந்தது. 1958இல் ஆட்சிக்கு வந்த ஷேக் ராஷித் கடன் வாங்கி ஆழமாக்கினார். அதன்பிறகுதான் பெரிய மரக்கலங்கள் உள்ளே வந்தன. எண்ணெய் கண்டுபிடித்தது 1966இல். அதாவது கடன் முதலில், எண்ணெய் பிறகு. டுபாயை எண்ணெய்ப் பணத்தில் முளைத்த ஊர் என்று நினைக்கிறவர்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

காலை: காற்றுக் கோபுரங்கள்

அடுத்த நாள் காலை வெயில் ஏற முதல் பர் டுபாய்ப் பக்கம் அல் ஃபாஹிதி பழைய குடியிருப்புக்குப் போனோம். பவளக் கல்லும் சுண்ணமும் கலந்து கட்டிய வீடுகள், இரண்டு பேர் மட்டும் பக்கத்தில் நடக்கக்கூடிய ஒழுங்கைகள். ஒவ்வொரு வீட்டு மேலும் நாற்புறமும் திறந்த ஒரு கோபுரம் நிற்கும். அதுக்குப் பெயர் பர்ஜீல். எந்தப் பக்கம் காற்று வீசினாலும் உள்ளே இருக்கிற குறுக்குச் சுவர் அதைப் பிடித்து கீழே அறைக்குள் தள்ளும், சூடான காற்று மறுபக்கத்தால் ஏறிப் போகும். மின்சாரமில்லாத ஏசி. நாள் முழுக்கக் கணினிக்கு முன்னால் இருக்கிற எனக்கு, ஓடுகிற பாகம் ஒன்றுகூட இல்லாத ஒரு இயந்திரத்தைப் பார்க்கக் கொஞ்சம் பொறாமையாக இருந்தது. கோபுரத்துக்கு நேர் கீழே பிள்ளைகளை நிறுத்திப் பாருங்கள், தலைமயிர் அசையும்.

இந்த இடத்தின் பழைய பெயர் பஸ்தகியா. பாரசீகத்தில் பஸ்தக் என்ற ஊரிலிருந்து வந்த வியாபாரிகள் கட்டினது. அங்கே லிங்கா துறைமுகத்தில் வரி ஏறிக்கொண்டு போக, 1894இல் டுபாயில் ஆட்சிக்கு வந்த ஷேக் மக்தூம் பின் ஹஷர் வெளியூர் வியாபாரிகளுக்கு வரியை நீக்கினார். வியாபாரம் கடலைக் கடந்து இந்தக் கரைக்கு வந்துவிட்டது. கிரேக்கர்கள் கடை வைத்த பார்க் எக்ஸ் தெருக்களில் இன்றைக்கு நாங்களும் பஞ்சாபிகளும் வங்காளிகளும் கடை வைத்திருப்பதை நினைத்துக்கொண்டேன். ஒரு ஊர் வருகிறவனுக்கு இடம் விட்டால் அந்த ஊர் வளரும்.

1980களில் இந்தக் குடியிருப்பில் பாதி இடிக்கப்பட்டுவிட்டது. மிச்சத்தைக் காப்பாற்றச் சிலர் போராடினார்கள். 1989இல் அப்போது இளவரசராக இருந்த சார்ள்ஸ் வந்து பார்த்ததும் அதுக்கு உதவியது. இன்றைக்கு உள்ளே காப்பி அருங்காட்சியகம், ஓவியக் கூடங்கள், ஷேக் முகமது பண்பாட்டுப் புரிந்துணர்வு நிலையம் எல்லாம் இருக்கின்றன. அந்த நிலையத்தில் முன்பதிவு செய்தால் எமிராத்தி சாப்பாட்டோடு உட்கார்ந்து எந்தக் கேள்வியும் கேட்கலாம். கேள்வி கேட்கிற வயதுப் பிள்ளைகள் இருந்தால் கட்டாயம் போங்கள்.

பக்கத்தில் அல் ஃபாஹிதி கோட்டை, 1787இல் கட்டினது. டுபாயில் மிச்சமிருக்கிற கட்டடங்களில் மிகப் பழையது என்கிறார்கள். உள்ளே இருந்த அருங்காட்சியகம் நாங்கள் போனபோது திருத்த வேலைக்காக மூடியிருந்தது. அதனால் நான் மகளிடம் ஒரு பழைய 100 திர்ஹாம் தாளைக் கொடுத்தேன். முன்பக்கத்தில் அந்தக் கோட்டைதான். அவள் தாளையும் கோட்டையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் திருப்பினாள். பின்பக்கத்தில் ஒரு உயரக் கட்டடம்.

"அப்பப்பா, இது எது?"

அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டார். "வேர்ல்ட் ட்ரேட் சென்ரர். நான் வந்த வருசம்தான் இங்கிலாந்து ராணி வந்து திறந்தவ. அப்ப அதைச் சுத்தி ஒண்டுமில்லை, வெறும் மணல். முப்பத்தொன்பது மாடி. எங்கட காலத்தில அதுதான் உயரம்." கொஞ்சம் நிறுத்தி, "அதுக்குப் பின்னால ஒரு கட்டடத்தில நான் வயர் இழுத்தனான்" என்றார்.

அவர் எலெக்ரீசியனுக்கு உதவியாளாக இருந்தார் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். மொன்றியலில் எங்கள் வீட்டு ஃபியூஸ் போனால் அவர் யாரையும் கூப்பிட விடமாட்டார். ஏன் என்று நான் கேட்டதில்லை.

கால்வாயின் வாய்ப்பக்கம் அல் ஷிந்தகா அருங்காட்சியகம் இருக்கிறது. பழைய வீடுகள் பலவற்றைச் சேர்த்து அமைத்தது. வாசனைத் திரவியங்களுக்கே ஒரு வீடு, பிள்ளைகள் மணந்து மணந்து திரிவார்கள். ஆனால் எங்கள் பிள்ளைகளுக்கு முக்கியமானது முத்துக் கதை. எண்ணெய்க்கு முந்தி வளைகுடாவின் பணம் முத்து. காலில் கல்லைக் கட்டிக்கொண்டு, மூக்கில் கவ்வி போட்டுக்கொண்டு கடலடியில் இறங்குவார்கள். யப்பானில் செயற்கை முத்து வளர்க்கத் தொடங்க, 1929இல் உலகப் பொருளாதாரமும் விழ, அந்தத் தொழில் படுத்துவிட்டது.

இதே அராபிய முத்துக் குளிப்பவர்கள் எங்கள் மன்னார்க் கடலுக்கும் வந்திருக்கிறார்கள். 1900களின் தொடக்கத்தில் மரிச்சுக்கட்டியில் நடந்த பெரிய முத்துக்குளிப்புகளில் அராபியரும் தமிழரும் ஒரே கடலில் இறங்கினார்கள். 1906இல் அதை மேற்பார்வை செய்யப் போனவர்களில் ஒருவர் லெனார்ட் வூல்ஃப், பின்னாளில் வர்ஜீனியா வூல்ஃபின் கணவர், அப்போது யாழ்ப்பாணத்தில் ஆங்கில அரசின் இளம் அதிகாரி. ஆக, நாங்கள் டுபாய்க்கு வேலைக்குப் போக முதல் அவர்கள் எங்கள் ஊருக்கு வேலைக்கு வந்திருக்கிறார்கள். மகளுக்கு இந்தப் பகுதி மிகவும் பிடித்தது.

மத்தியானம்: மணமும் பொன்னும்

கடைத்தெருக்களை அரபியில் சூக் என்பார்கள். மத்தியானம் ஒன்றுக்கும் நாலுக்கும் நடுவில் பல கடைகள் பூட்டியிருக்கும், வெள்ளி காலையிலும் அப்படித்தான். அதைப் பார்த்துத் திட்டம் போடுங்கள். பர் டுபாயில் துணி சூக்குக்குப் பின்னால் ஒரு ஒடுங்கிய ஒழுங்கையில் மாலை, கற்பூரம், சாமிப் படம் எல்லாம் விற்கிறார்கள். 1958இல் தொடங்கிய கோயில் அந்தப் பக்கம்தான் இருந்தது. இப்போது வழிபாடு ஜெபல் அலியில் 2022இல் திறந்த பெரிய கோயிலுக்கு மாறிவிட்டது. இடியப்பம், தோசைக்கு ஏங்குகிற பிள்ளைகள் இருந்தால் கராமா பக்கம் போனால் காணும்.

வாசனைச் சரக்குச் சூக் தேராப் பக்கம், அல் ராஸ் மெட்ரோவுக்குக் கிட்ட. இங்கே நாங்கள் பிள்ளைகளோடு ஒரு சொல் விளையாட்டு விளையாடினோம். புளிக்கு அரபியில் "தமர் ஹிந்தி", அதாவது இந்தியப் பேரீச்சை. அதிலிருந்துதான் ஆங்கிலச் சொல்லும் வந்தது. "லுலு" என்றால் முத்து. பதிலுக்கு எங்கள் பேச்சில் இருக்கிற அரபிச் சொற்களை எண்ணினோம்: பதில், பாக்கி, அசல், வசூல், வக்கீல். எல்லாம் வியாபாரமும் வழக்கும். கடைக்காரரிடமிருந்து வேறென்ன சொல் வரும்?

வாங்க வேண்டியது: ஈரான் குங்குமப்பூ, ஓமான் காய்ந்த கறுப்பு எலுமிச்சை, சாம்பிராணி. குங்குமப்பூவை ஒரு இழை தண்ணீரில் போட்டுப் பாருங்கள். நிறம் மெல்ல மெல்ல இறங்கி, இழை சிவப்பாகவே நின்றால் நல்லது. உடனே தண்ணீர் சிவந்து இழை வெளிறினால் சாயம். சாம்பிராணி விஷயத்தில் ஒரு தகவல். அங்கே "லுபான்" என்று விற்பது ஓமானின் தோஃபார் மலைப் பக்கத்து மரத்துப் பிசின். எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை புகைக்கிற சாம்பிராணி பெரும்பாலும் சுமாத்ராப் பக்கத்து வேறு மரம். மணம் வேறாக இருக்கிறதே என்று அம்மா குறைப்பட்டால் அது கடைக்காரர் பிழையில்லை.

இனி தங்கம். கோல்ட் சூக்கில் நுழைந்ததும் பிள்ளைகள் கேட்பது அந்தப் பெரிய மோதிரம். கின்னஸ் சாதனை, 21 கரட், கற்களோடு 64 கிலோ அளவு. படம் எடுத்துவிட்டு நகருங்கள். பெரியவர்களுக்கு: தங்கத்தின் நாள் விலை எல்லாக் கடைக்கும் ஒன்று, அதில் பேரம் இல்லை. பேரம் முழுக்கச் செய்கூலியில்தான். 22 கரட் என்றால் 916, எங்கள் நகை. அரபிகள் கூட விரும்புவது 21, ஆகவே கேட்டு வாங்குங்கள். 2018 முதல் 5 வீத வற் வரி இருக்கிறது. திட்டத்தில் சேர்ந்த கடையில் 250 திர்ஹாமுக்கு மேலே வாங்கினால், சுற்றுலாப் பயணிக்கு அந்த வரியில் 85 வீதம் திரும்பக் கிடைக்கும், ஒவ்வொரு சீட்டுக்கும் 4.80 திர்ஹாம் கழிப்பார்கள். கடையில் பாஸ்போட் காட்டிப் பதிய வேண்டும், விமான நிலையத்தில் பெட்டியைக் கொடுக்க முதல் சரிபார்க்க வேண்டும்.

ஏன் டுபாய் தங்கத்துக்குப் பேர் போனது? ஒரு காலத்தில் இங்கே புழங்கினது இந்திய ரூபாய். இங்கே சட்டப்படி வாங்கின தங்கம் இந்தியாவுக்குக் கள்ளமாகப் போக, ரூபாய் வெளியே ஓடியது. அதைத் தடுக்க 1959இல் வளைகுடாவுக்கென்றே தனி ரூபாய் நோட்டு அச்சடித்தார்கள். 1966இல் இந்தியா ரூபாயின் மதிப்பைக் குறைத்ததும் டுபாய் அதைக் கைவிட்டது. திர்ஹாம் வந்தது 1973இல்.

இந்தக் கதையை நான் சொல்லிக்கொண்டிருக்க, அப்பா ஒரு கடைக் கண்ணாடிக்கு முன்னால் நின்றுவிட்டார். உள்ளே வரவில்லை. அம்மா அவர் பக்கத்தில் போய் நின்றார். இரண்டு பேரும் ஒன்றும் கதைக்கவில்லை. பிறகு அம்மாதான் என்னிடம் சொன்னார்: 1983இல் லீவில் ஊருக்கு வந்தபோது அப்பா ஒரு சோடி காப்பு கொண்டுவந்தார். நாலு பவுன். இங்கே வாங்கினது. 1986இல் கனடாவுக்கு வர ஏஜென்சிக்காரனுக்குக் கொடுத்த காசில் அந்தக் காப்பும் ஒரு பங்கு. "உன்ர அப்பா அதைப் பற்றி வாயே திறக்கேல்லை. நானும் கேக்கேல்லை."

திரும்பிப் பார்த்தால் அப்பா கடைக்குள் இருக்கிறார். கடைக்காரரோடு ஹிந்தியில் கதைக்கிறார். எங்கள் கீழ்வீட்டுப் பஞ்சாபிக்காரரோடு அவர் ஹிந்தி கதைப்பதைக் கேட்டிருக்கிறேன். படம் பார்த்துப் பழகினது என்று நினைத்திருந்தேன். இது படத்து ஹிந்தி இல்லை. செய்கூலியை மூன்று முறை குறைக்க வைத்து, ஒருமுறை எழும்பி வாசல்வரை வந்து, திரும்பக் கூப்பிட வைத்து, இரண்டு பவுனில் ஒரு சோடி காப்பு வாங்கினார். தன்னுடைய ஓய்வூதியக் காசில். என்னுடைய கார்டைத் தொட விடவில்லை.

அம்மா கையில் போட்டு அசைத்துப் பார்த்தார். "முந்தினது இதைவிடப் பாரம்."

"அப்ப இளமை. பாரம் தாங்கும்" என்றார் அப்பா. நான் அவர் அம்மாவோடு பகிடி விட்டுப் பார்த்தது குறைவு.

நாசர் ஸ்குவயர்

சூக்கிலிருந்து வெளியே வந்ததும் அப்பா, "நாசர் ஸ்குவயர் எந்தப் பக்கம்?" என்று கேட்டார். மகள் ரெலிபோனில் தேடினாள். ஒன்றும் சரியாக வரவில்லை. அப்பாவின் முகம் சுருங்கியது. நடைபாதையில் தேத்தண்ணிக் கடை வைத்திருந்த வயதான மலையாளிதான் சிரித்துக்கொண்டு சொன்னார்: அது பழைய பெயர், இப்போது பனியாஸ் ஸ்குவயர். நாங்கள் மெட்ரோவில் தாண்டி வந்த இடம்.

அங்கே பார்க்க ஒன்றுமில்லை. ஒரு சதுக்கம், சுற்றிக் கட்டடங்கள், நடுவில் மெட்ரோ வாசல். எந்தச் சுற்றுலாப் பட்டியலிலும் வராது. ஆனால் அப்பா ஒரு மணி நேரம் அங்கே இருந்தார். வெள்ளிக்கிழமைகளில் எல்லா ஊர்ப் பெடியங்களும் இங்கேதான் கூடுவார்கள். ஊருக்குப் போகிறவன் ஆர் என்று விசாரித்து, அவன் கையில் கசெட் கொடுத்து விடுவார்கள். கடிதம் எழுத அலுத்தவர்கள் குரலைப் பதிந்து அனுப்பின காலம். எங்கள் அப்பம்மா சாகும்வரை அதில் ஒரு கசெட்டை வைத்திருந்தாவாம்.

நீலச் சீருடை போட்ட தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு ஒரு பஸ் சிக்னலில் நின்றது. சிலர் கண்ணாடியில் தலை சாய்த்து நித்திரை. மகன் கேட்டான்: "அப்பப்பா, அவை ஆர்?"

"அது நான்தான்" என்றார் அப்பா.

பிறகுதான் பாஸ்போட் கதை வந்தது. அவர் வேலை செய்த கொம்பனி முதல் நாளே பாஸ்போட்டை வாங்கி வைத்துவிட்டது. இரண்டு வருசம் கழித்துத்தான் திரும்பக் கண்ணால் கண்டாராம். இன்றைய சட்டப்படி அப்படிப் பிடித்து வைக்கக் கூடாது. 2005 முதல் கோடையில் மத்தியான வெயிலில் வெளி வேலைக்கும் தடை இருக்கிறது. அப்பா கேட்டுவிட்டுத் தலையாட்டினார். "நல்லது. இவைக்காவது." கை சட்டைப் பையைத் தொட்டது. இந்த முறை ஏன் என்று எனக்கும் தெரியும், பிள்ளைகளுக்கும் தெரியும்.

திரும்பி வந்ததும் சுங்கம். 48 மணி நேரத்துக்கு மேலே வெளியில் இருந்தால் ஒருவருக்கு 800 கனேடிய டொலர்வரைதான் வரியில்லை. குடும்பத்தினர் பங்கை ஒரு பொருளுக்குச் சேர்த்துக் காட்ட முடியாது. கையில் போட்டிருந்தாலும் புது நகை புது நகைதான், பற்றுச்சீட்டோடு அறிவியுங்கள். கட்ட வேண்டிய வரியைவிடப் பிடிபட்டால் வருகிற தண்டமும் அவமானமும் கூட. பழைய நகை போட்டுக்கொண்டு போகிறவர்கள் படமும் மதிப்பீட்டுச் சீட்டும் எடுத்துவைத்தால் திரும்பி வரும்போது வாக்குவாதம் இல்லை. நாங்கள் சொல்லி வரி கட்டினோம். "கையில கிடக்கிறதுக்குமா வரி?" என்று அப்பா ஜான் தலோன் வீதி வரும்வரை புறுபுறுத்தார்.

உங்கள் வீட்டிலும் ஒரு வசனத்தில் முடிந்துபோன ஊர் இருக்கும். டுபாய், குவைத், ரியாத், பெய்ரூட். அப்பாவோ மாமாவோ அம்மாவோ அங்கே சில வருசம் இருந்துவிட்டு, வந்து ஒன்றும் சொல்லாமல் இருந்திருப்பார்கள். அந்த வழியால் போகக் கிடைத்தால் ஒரு இரவு நில்லுங்கள். அவர்களையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவர்கள் வேண்டாம் என்றுதான் சொல்லுவார்கள்.

மகளின் படம் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் இருந்தது. வந்த அடுத்த நாள் அவள் அதை எடுத்துப் பழைய கோட்டை அழித்துவிட்டு, நடுவில் ஒரு புள்ளி வைத்து "டுபாய்" என்று எழுதினாள். அப்பா கிட்டப் போய்ப் பார்த்தார்.

"பிள்ளை, நாசர் ஸ்குவயர் எண்டு போடு" என்றார்.